உப்புக்காற்றில் ஹெவி மெட்டல் தட்டுகளைக் காப்பது

பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் வீட்டில் ஈரமானி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அடுப்படியில் இருக்கும் உப்பு ஜாடிதான் அது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். ஜாடியில் நடப்பதேதான் இசைத்தட்டு ஓட்டும் கருவியிலும் நடக்கிறது. கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பு பகலில் தூசு மாதிரி சும்மா கிடக்கும். ராத்திரி ஈரம் ஏறியதும் உருகி, செருகி, கம்பி, திருகு என்று எல்லா உலோகத்தையும் அரிக்கத் தொடங்கும். மதுரையில் 20 வருஷம் கெடாமல் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் கடலோர மண்டபம் ஊரில் மூன்றாம் வருஷமே கரகரப்பது இதனால்தான்.

ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் கேட்பவர்களை இது கூடுதலாகவே படுத்தும். சத்தமான இசைதானே, சின்னச் சின்னக் கரகரப்பு அதில் அமுங்கிப்போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் மழைச் சத்தத்தோடும் தூரத்து மணியோசையோடும் தொடங்குகிறது. தட்டில் அழுக்கு இருந்தால் எது மழை, எது கீறல் என்றே தெரியாது. மெட்டலின் கனம் கிடார் நின்றதும் வரும் மௌனத்தில் இருக்கிறது. அந்த மௌனத்தைக் காப்பாற்றத்தான் கீழே சொல்லும் வேலைகள் எல்லாம்.

எதை முதலில் சேர்ப்பது

இந்தக் கரையில் ஒவ்வொரு தட்டுக்கும் பராமரிப்பு வேலை உண்டு. அதனால் 200 சேர்த்துவிட்டு 150 பூஞ்சை பிடிக்க விடுவதைவிட 30 வைத்து முப்பதையும் நன்றாகக் காப்பது மேல். அந்த முப்பதில் முதலில் வரவேண்டியவை என்று எங்கள் கணக்கில் சில உண்டு.

பிளாக் சப்பாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' (1971). தகடு ஆலையில் நடந்த விபத்தில் குழுவின் கிடார்க்காரர் டோனி அயோமிக்கு வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். விரல் நுனிக்குப் பிளாஸ்டிக் தொப்பி செய்து மாட்டினார். இந்த ஆல்பத்தின் பல பாடல்களில் தந்தியின் இறுக்கம் குறைய கிடாரை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். அந்தத் தளர்ந்த தந்தியின் அடர்த்தியைத்தான் பின்னால் வந்த பாதி மெட்டல் உலகம் பின்பற்றியது. உறுமியை வளைகுச்சியால் இழுக்கும்போது வயிற்றுக்குள் ஒன்று அசையுமே, அதை அறிந்த காதுக்கு இந்த ஆல்பம் அந்நியமாக இருக்காது.

டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' (1972). சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ ஊரில் காசினோவில் பதிவு செய்யப் போனார்கள். 1971 டிசம்பர் 4 அன்று ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியின்போது காசினோ எரிந்துபோக, கடைசியில் ஒரு ஓட்டலின் உள் நடைகளில் வைத்துப் பதிவை முடித்தார்கள். ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனைக் கிடாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக ஓட்டினார். அதனால் எது கிடார், எது ஆர்கன் என்று பல இடங்களில் காது தடுமாறும். உங்கள் கருவி சரியாக இருந்தால் இரண்டும் பிரிந்து கேட்கும். கருவியைச் சோதிக்க இதைவிட நல்ல தட்டு குறைவு.

லெட் ஸெப்பலினின் நான்காவது ஆல்பத்தின் (1971) கடைசிப் பாடலில் டிரம்ஸை ஒரு பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மைக்கை மேல் மாடியிலிருந்து பிடித்தார்கள். ஸ்பீக்கரின் பேப்பர் கோன் ஈரம் குடித்துத் தளர்ந்திருந்தால் அந்தக் கூடத்தின் முழக்கம் கேட்காது, வெறும் 'தொப்' மட்டும்தான் வரும்.

ரெயின்போவின் 'ரைஸிங்' (1976) ஆறே பாடல்கள்தான். ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்', ஜூடாஸ் பிரீஸ்டின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்', மோட்டர்ஹெட்டின் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' மூன்றும் 1980. 'பிரிட்டிஷ் ஸ்டீல்' பதிவில் கண்ணாடி பாட்டில்களை உடைத்தும், கரண்டி, கத்தி வைக்கும் இழுப்பறையைக் குலுக்கியும் ஒலி சேர்த்தார்கள். அந்தக் கண்ணாடிச் சிதறல் கூர்மையாகக் கேட்கவில்லை என்றால் ஊசி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' (1984) கடற்கரைக்காரர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது. கடைசிப் பாடல் 13 நிமிடத்துக்கு மேல் ஓடும். கோலரிட்ஜின் மாலுமிக் கவிதையை எடுத்துச் செய்தது. கடற்பறவையைக் கொன்ற பாவம், காற்று விழுந்து அசையாமல் நிற்கும் கப்பல், சுற்றிலும் நீர் இருந்தும் தாகம். நடுவில் வாத்தியங்கள் அடங்கி, மரமும் கயிறும் முனகும் ஒலி வரும். வள்ளத்தில் போனவர்களுக்கு அந்த முனகலை விளக்கவே வேண்டாம்.

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' இரண்டும் 1986. இவற்றோடு நிறுத்தி, இவற்றை முழுதாகக் கேட்டு முடித்தபின் மற்றவற்றுக்குப் போகலாம்.

எந்தப் பதிப்பு, எந்த வடிவம்

ஒரே ஆல்பம் என்றாலும் எல்லாப் பதிப்பும் ஒன்றல்ல. ஆஸி ஆஸ்போர்னின் 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' (1980) ஆல்பத்தின் 2002 மறுபதிப்பில் பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் அகற்றிவிட்டு வேறு இருவரை வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். 2011 பதிப்பில்தான் பழைய வாசிப்பு திரும்ப வந்தது. பழைய சி.டி. வாங்கும்போது பின்னட்டையில் வருஷம் பாருங்கள். 2002 என்றால் வேண்டாம். 'டைரி ஆஃப் எ மேட்மேன்' ஆல்பத்துக்கும் இதே கதைதான்.

மெட்டாலிகாவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) ஆல்பத்தில் பேஸ் ஏறக்குறைய கேட்காது. அது கலவையிலேயே அப்படி. அதற்காக ஒயரை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். 'டெத் மேக்னடிக்' (2008) முழுக்க ஒலி நசுங்கி உடைந்து கேட்கும். அதுவும் உங்கள் ஸ்பீக்கரின் குற்றமல்ல.

எல்.பி. வாங்கும்போது ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று பார்க்கவேண்டும். 18 முதல் 22 நிமிடம் வரை சரி. 'ரைஸிங்' முழுதுமே 33 நிமிடத்துக்குச் சற்று மேல்தான், ஊசி ஓடும் பள்ளங்கள் அகலமாக வெட்டப்பட இடம் உண்டு. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஏறத்தாழ 55 நிமிடம். ஒரே தட்டில் ஏற்றினால் பக்கத்துக்கு 27 நிமிடம் வரும், பள்ளம் நெருங்கி ஒலி மெலியும், நடுவளையத்தை நெருங்கும் கடைசிப் பாடல் சிதறும். நீளமான ஆல்பங்களை இரட்டைத் தட்டிலோ சி.டி.யிலோ வாங்குவது நல்லது. ஸ்லேயரின் ஆல்பம் 29 நிமிடத்துக்குள் முடிவதால், கேசட்டாக வந்தபோது இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையும் பதித்திருந்தார்கள். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்தைப் போட்டுக் கேட்கலாம்.

வைக்கும் இடமும் பெட்டியும்

கடலைப் பார்த்த சுவர், பரண், தரை மூன்றும் வேண்டாம். பரணில் கூரைச்சூடு தட்டை வளைக்கும், தரையில் ஓதம் ஏறும். வீட்டின் உட்சுவரை ஒட்டி, சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, இடுப்பு உயரத்தில் வையுங்கள். தட்டுகள் நட்டமாக நிற்கவேண்டும். சாய்ந்தால் வளையும், படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும்.

திறந்த அலமாரி இங்கே ஆகாது. மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி எடுங்கள். உள் உயரம் குறைந்தது 32.5 செ.மீ. இருக்கவேண்டும், ஏனென்றால் எல்.பி. உறை 31.5 செ.மீ. சதுரம். 40 தட்டு சுமார் 10 கிலோ வரும். அதற்கு மேல் ஒரே பெட்டியில் அடைத்தால் தூக்கும்போது அடி விரியும். உள்ளே 250 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள், சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றையும் வையுங்கள். உள்ளே 40 முதல் 50 சதவீதம் வரை நிற்கவேண்டும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் உறையில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். 35-க்குக் கீழே போனால் தட்டில் நிலைமின் ஏறித் தூசை இழுக்கும்.

மலிவான ஈரமானி ஐந்து, பத்து புள்ளி பொய் சொல்லும். அதைச் சோதிக்க உப்பே போதும். ஒரு பாட்டில் மூடி நிறையத் தூள் உப்பு எடுத்து, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி 12 மணி நேரம் விட்டால் 75 காட்டவேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துக்கொள்ளுங்கள். இதற்கு வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு வேண்டாம். சுத்திகரிக்காத உப்பில் மக்னீசிய உப்புகள் ஒட்டியிருக்கும், அவை இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுப்பதால் கணக்கு தவறும். காற்றில் வந்து நம் கருவிகளில் படிவதும் இந்தக் கலப்பு உப்புதான். அதனால்தான் 75-க்குக் கீழே இருந்தாலும் இங்கே துரு நிற்பதில்லை.

சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வெயிலில் காயவைத்தால் போதும் என்பார்கள். நம் கரையில் நடுப்பகல் காற்றிலும் ஈரம் உண்டு, வெயில் பாதி வேலைதான் செய்யும். இதற்கென்றே ஒதுக்கிய பழைய சட்டியில் சிறுதீயில் கிளறி, பழைய நிறம் வரும்வரை சூடாக்குங்கள். தீ கூடினால் மணிகள் வெடிக்கும். நீல நிற மணியில் கோபால்ட் உண்டு, அதைச் சமையல் பாத்திரத்தில் போடவே கூடாது. ஆரஞ்சு நிற வகை வாங்குவது நல்லது.

ஏசி அறையில் தட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. குளிர்ந்த தட்டை வெளியறைக்குக் கொண்டுவந்ததும் உறையிலிருந்து எடுக்காதீர்கள், பனி படியும். உறைக்குள்ளேயே முக்கால் மணி நேரம் இருக்கட்டும்.

பழைய காகித உள்ளுறைகளைக் கழற்றிவிட்டுப் பாலித்தீன் உள்ளுறை மாற்றுங்கள், காகிதம் ஈரத்தைக் குடித்துத் தட்டோடு ஒட்டும். வெளியுறைக்குக் கெட்டியான பி.வி.சி. பை வேண்டாம். வெப்பத்தில் அதன் எண்ணெய்ப்பசை கசிந்து தட்டில் புகைபோலப் படியும்.

கழுவுதல்

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் கழுவும் முறைகள் கடற்கரைக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடை என்பார்கள். ஆல்கஹாலில் கொழுப்பும் விரல்ரேகையும் போகும், உப்பு கரையாது. உப்பு தண்ணீரில்தான் கரையும். எனவே முதல் கழுவு வெறும் தண்ணீர், இரண்டாவதுதான் ஆல்கஹால் கலவை.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. கிணற்று நீர் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீரானாலும் ஆர்.ஓ. கேனானாலும் காய்ந்தபின் கொஞ்சம் உப்பை விட்டுவிட்டுத்தான் போகும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் எடுங்கள். புது கேனாகப் பார்த்து வாங்குங்கள், கடையில் திறந்து ஊற்றிக் கொடுப்பது வேண்டாம்.

முதலில் காய்ந்த கார்பன் தூரிகையால் மணலை எடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் தட்டில் படிவது நுண்மணல். துணியால் நேரே துடைத்தால் அந்த மணலே பள்ளத்தை அரைக்கும். தட்டைச் சுழலவிட்டு, தூரிகையை மேலே தொட்டபடி இரண்டு சுற்று பிடித்து, மெதுவாக வெளிப்புறம் இழுங்கள். பிறகு மெத்தென்ற துண்டின் மேல் தட்டைப் படுக்கவைத்து, நடு லேபிள் நனையாதபடி டிஸ்டில்டு வாட்டரைத் தெளித்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. அதன்பின் 800 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 200 மி.லி. 99 சதவீத ஐசோபுரோப்பைல், இரண்டு சொட்டு மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் கலந்த கலவையைப் பரப்பி ஒரு நிமிடம் விட்டுத் துடையுங்கள். கடைசியாக மறுபடியும் வெறும் டிஸ்டில்டு வாட்டர். இந்தக் கடைசி அலசலை விட்டால் சோப்பு காய்ந்து ஊசியில் பஞ்சுபோல உருளும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தட்டை நிமிர்த்தி வைத்து ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ஈரமாக உறைக்குள் போட்டால் உள்ளே பூஞ்சைக்கு நீங்களே விதை போட்டதாகிவிடும்.

மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட், கைகழுவும் சானிடைசர் இரண்டும் கூடாது, வேறு பொருள்கள் கலந்திருக்கும். ஆல்கஹாலை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தாத்தா காலத்து 78 வேகத் தட்டு கிடைத்தால் அதன்மேல் ஆல்கஹாலே படக் கூடாது, அரக்குத் தட்டு கரைந்துவிடும்.

ஊசி, இணைப்பு, கரண்ட்

ஊசியின் அழுத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், சின்ன டிஜிட்டல் தராசு வைத்து அளவுங்கள். ஆடியோ டெக்னிகா வி.எம்.95.ஈ. கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருந்தியிருக்கும் சிறு பாகம்) 2 கிராம், மலிவு கருவிகளில் வரும் 3600.எல்.-க்குச் சுமார் 3 கிராம். தட்டு தேயுமே என்று பயந்து குறைத்து வைப்பதுதான் அதிகச் சேதம் செய்யும். அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தில் துள்ளிச் சுவரை அடிக்கும், சத்தமான கிடார் வரும் இடத்தில் இந்த அடி பலமாக விழும். நீள்வட்ட ஊசி 300 மணி நேரத்தில் மாற்றவேண்டும்.

ஒரு பக்க ஸ்பீக்கர் நின்றுபோனால் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றுவதற்கு முன் கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நாலு சின்னக் கிளிப்புகளைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. பெரும்பாலும் அவற்றில் ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கரண்டை அணைத்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் தொட்டுப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் முதலில் துடைத்து, பிறகு ஆல்கஹால் குச்சியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். தட்டுக்குச் சொன்ன அதே வரிசைதான். பின்புறச் செருகிகளுக்கும் மாதம் ஒருமுறை இப்படிச் செய்யவேண்டும். வால்யூம் குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு பீச்சு அடித்து, 30 தடவை கோடிக்குக் கோடி திருப்புங்கள்.

ஓயாத 'ம்ம்' இரைச்சலுக்கு டர்ன்டேபிளின் தனி எர்த் ஒயரை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் வீட்டின் எர்த் குழியைப் பாருங்கள். மணல் பூமியில் கோடையில் குழி காய்ந்து எர்த் செத்துவிடும். அந்த வேலையை எலக்ட்ரீஷியன் வைத்துச் செய்யவேண்டும். கரண்ட் போனபோது இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டுமே சரி.

ஸ்பீக்கர் வாங்கும்போது கோனைச் சுற்றிய வளையம் ரப்பராக இருக்கட்டும். ஃபோம் வளையம் ஈரத்தில் பொடிந்து உதிரும்.

கேசட்

ரெக்கார்டிங் கடையில் சி-90 கேசட்டில் பதிந்து வாங்கிய பழைய ஆல்பங்கள் பல வீடுகளில் இன்னும் உண்டு. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதை ஓட்டாதீர்கள். பூஞ்சை நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்கு ஏறி அடுத்துப் போடும் கேசட்டுக்கெல்லாம் பரவும். நடுவில் சின்னப் பஞ்சுத் தகடு விழுந்திருந்தால் ஒலி மங்கும். வேறொரு வீணான கேசட்டிலிருந்து எடுத்து மாற்றலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் சிம்பல் மந்தமாகக் கேட்டால் ஹெட்டின் சாய்வு மாறியிருக்கலாம். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் மேல் நிற்கும் திருகுதான் அதற்கு. பிளாக் சப்பாத்தின் 'பாரனாய்ட்' போல ஹை-ஹேட் விடாமல் ஒலிக்கும் பாடலை ஓடவிட்டு, மோனோவில் வைத்து, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். எங்கே ஓசை அதிகக் கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். பதிந்தது டால்பியில் (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) என்றால் கேட்பதும் டால்பியில்தான் இருக்கவேண்டும். இல்லையென்றால் 'பவர்ஸ்லேவ்' கப்பல் முனகும் இடத்தில் 'உஸ்' மட்டுமே கேட்கும்.

சி.டி.க்கு அதிக வேலை இல்லை. விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைபோல வெளிச்சம் தெரிந்தால் அலுமினியப் பூச்சு அரிக்கத் தொடங்கிவிட்டது. சி.டி. ஓடும் நிலையில் இருக்கும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள், அரிப்பை நிறுத்த வழியில்லை.

ஜனவரி வேலை

ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை பெட்டிகளை அடிக்கடி திறக்காதீர்கள். தை பிறந்து வாடைக்காற்று காய்ந்து வீசும் ஒரு முற்பகலில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். முதலில் உறைகளை மோந்து பாருங்கள், கண்ணுக்குத் தெரியுமுன் பூஞ்சை மூக்குக்குத் தெரியும். வாடை அடிக்கும் உறையைத் தனியாக வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டி, நிழலில் ஒரு நாள் காற்றாட விடுங்கள். அதன் தட்டை மட்டும் கழுவினால் போதும், மற்றவற்றைத் தொடவேண்டாம். ஈரமானியை மறுபடி உப்புச் சோதனைக்கு வையுங்கள். சிலிக்கா ஜெல்லைச் சட்டியில் போடுங்கள். அது சூடு தணியும் நேரத்தில், கருவியின் செருகிகளைத் துடைத்துவிட்டு, பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தை ஏற்றி ஊசியை வையுங்கள். மழை, இடி, மணி மூன்றும் தனித்தனியாகக் கேட்டால் பெட்டியை மூடலாம். மழையோடு வேறு ஏதாவது பொரிந்தால் தட்டை எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் அலசலை மட்டும் இன்னொரு முறை செய்யுங்கள்.